என் கேமராவுக்குத் தப்பிய வீடு

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் கேமரா கட்டடங்களைக் கொல்கிறது என்று நான் நம்பினேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஐம்பதைத் தாண்டிய, மாதச் சம்பளம் வாங்குகிற, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பின்வரிசையில் நின்று கட்டைக் குரலில் பாடுகிற ஒரு மனிதன், எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்த நூலைக் கேமராப் பையின் உள்ஜிப்பில் ஒளித்து வைத்துக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தான் என்றால், அந்த நம்பிக்கை எந்த அளவுக்கு முற்றியிருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எலுமிச்சம்பழத்தை ஒருநாள் மனைவி கண்டுபிடித்தாள். பாதி காய்ந்து, மிளகாய் சுருங்கி, லென்ஸ் துடைக்கும் துணிக்குள் கிடந்தது. வழியில் ஜூஸ் போட்டுக் குடிக்க வைத்திருந்தேன் என்றேன். அவள் கணக்கு டீச்சர். பொய் சொல்கிற முகங்களை நாள் முழுக்கப் பார்த்துப் பழகியவள். "மிளகா எதுக்கு, ஜூஸ்ல காரம் பத்தாதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு நூலோடு தூக்கிக் குப்பையில் போட்டாள். மறுநாளே நான் புதிதாக ஒன்று கோத்துக்கொண்டேன்.

என் பிழைப்பு லிஃப்ட். அவற்றைப் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அப்பா கோலார் தங்கவயலில் கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்கியவர். நான் இன்னொரு கூண்டில் ஏறி வானத்தின் பக்கம் போகிறேன். மேலும் கீழும் போவதைத் தவிர எங்கள் குடும்பத்துக்கு வேறு தொழில் அமையவில்லை. சுரங்கம் மூடிய பிறகு பெங்களூருக்கு வந்து, ஜீவனஹள்ளியில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு ஒட்டிக்கொண்டவன் இன்னும் அங்கேதான் இருக்கிறேன்.

லிஃப்ட்காரனுக்கு ஒரு வசதி உண்டு. மற்றவர்கள் கட்டடத்தின் முகத்தைப் பார்ப்பார்கள். நாங்கள் அதன் நெஞ்சுக்கூட்டுக்குள் நின்று வேலை பார்க்கிறோம். வெளியே பளபளவென்று கண்ணாடிச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிற கோபுரம் உள்ளே வெறும் சிமெண்டும் இரும்பும் எண்ணெய் நாற்றமுமாக, காலையில் பல் தேய்க்காத சினிமா நடிகர் மாதிரி இருக்கும். அதையும் பார்த்துவிட்டு வெளியே வந்து அதன் முகத்தைப் பார்த்தால் பாசம் கூடத்தான் செய்யும். அப்படி வந்ததுதான் இந்தப் படப் பைத்தியம்.

வேலை ஊர் ஊராக அனுப்பியது. லிஃப்ட் சரியாகிவிட்டால் ரயிலுக்கு நேரமிருக்கும். அந்த நேரமெல்லாம் எனக்கும் கேமராவுக்கும். அகமதாபாத்தில் செங்கல்லால் கட்டிய ஒரு கல்லூரிச் சுவரில் ஆள் உயரத்தை விடப் பெரிய வட்டத் துளைகள் உண்டு. வெயில் அந்த வட்டத்தின் வழியாக உள்ளே வந்து தரையில் இன்னொரு வட்டமாகப் படுத்திருந்ததைப் பார்த்து, ரயிலைத் தவறவிட்டேன். அந்த ஊருக்கு வெளியே ஒரு படிக்கிணறு. படிப்படியாக, தூண் தூணாகக் குளிர்ந்துகொண்டே கீழே போகிறது. பூமிக்குள் இறங்குவதை இவ்வளவு அழகாகவும் செய்யலாம் என்பது அப்பாவுக்குத் தெரியாமலே போயிற்று. சண்டிகரில் பூசாத சிமெண்ட் கட்டடங்களை முதலில் பார்த்தபோது மேஸ்திரி பாதியில் கோபித்துக்கொண்டு போய்விட்டார் போலிருக்கிறது என்று சிரித்தேன். சாயங்கால வெளிச்சம் அந்தச் சொரசொரப்பில் ஏறியதும் சிரிப்பு போய்விட்டது.

உள்ளூரிலும் குறைவில்லை. மழை விட்டதும் விதான சௌதாவின் கருங்கல்லைப் பார்த்திருக்கிறீர்களா? அவ்வளவு பெரிய கட்டடம் அப்போதுதான் தலைக்குக் குளித்துவிட்டு வந்த மாதிரி நிற்கும். லால்பாக் கண்ணாடி மாளிகைக்குக் காலையில் போனால் இரும்பே கனமில்லாத பொருள் என்று தோன்றும். அவுட்டர் ரிங் ரோட்டில் நான் சர்வீஸ் செய்கிற கண்ணாடிக் கட்டடங்களைத் திட்டாத ஆள் கிடையாது. நானும் திட்டுவேன். ஆனால் சாயங்காலம் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால், மேகக்கூட்டம் முழுவதையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவை நிற்கிற அழகை என்ன சொல்ல. இந்தப் படங்களுக்காக வாட்ச்மேன்கள் என்னைத் துரத்தியிருக்கிறார்கள். ஒருவர், நான் அந்தக் கட்டடத்து லிஃப்டையே போன வாரம் சரி செய்தவன் என்று தெரிந்த பிறகும் துரத்தினார்.

படம் எடுப்பதில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. சட்டகம் துடைத்து வைத்த மாதிரி இருக்க வேண்டும். கட்டடம் மட்டும். குறுக்கே ஸ்கூட்டர் கூடாது, கொடியில் துணி கூடாது, முதுகைச் சொறிந்துகொண்டு ஆள் நிற்கக் கூடாது. ஆள் நகரட்டும் என்று எவ்வளவு நேரமும் காத்திருப்பேன். ஆள் நகரவே நகராத வீடுகளை விட்டுவிட்டு, முகம் பளிச்சென்று தெரிகிற வீட்டைத் தேடிப் போவேன்.

அப்படித்தான் மல்லேஸ்வரத்தில் அந்த மங்கி டாப் வீடு கிடைத்தது. பெங்களூரின் பழைய வீடுகளில் ஜன்னலுக்கு மேலே கூம்பு வைத்த மரத்தட்டி முகப்பு இருக்குமே, குரங்கு உள்ளே வராமல் மேலேயே உட்கார்ந்துகொள்ளும் என்று சொல்வார்கள், அதுதான். சிவப்பு ஓடு, மஞ்சள் சுவர், வரிசையாக அந்தக் கூம்புகள். எதிரில் ஒரு தூசு தும்பு இல்லை. எனக்காகவே ஒருவர் பெருக்கிக் கோலம் மட்டும் போடாமல் விட்ட மாதிரி இருந்தது. குதூகலமாக எடுத்தேன். சில வாரம் கழித்து அந்தப் பக்கம் காபி குடிக்கப் போனேன். வீடு இல்லை. தகரத் தடுப்பும் பச்சை வலையும் இருந்தன.

சரி, ஊரில் நடக்கிறதுதான் என்று விட்டேன். அடுத்தது ஒரு பழைய சினிமா தியேட்டர். முகப்பில் சூரியக் கதிர் மாதிரி சிமெண்ட் வேலைப்பாடு. படம் எடுத்தேன், போயிற்று. ஹைதராபாத்தில் ஒரு பழைய மாளிகையின் வாசல் வளைவு. அடுத்த சர்வீஸுக்குப் போகும்போது அங்கே கார் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். கொல்கத்தாவில் பச்சை ஜன்னல்களும் பெரிய தூண்களும் வைத்த ஒரு வீட்டைப் பார்த்து அசந்துபோய், கையே வலிக்கும்வரை எடுத்தேன். அங்கே வேலை பார்த்த நண்பர் பிறகு போனில், நீ எடுத்தியே அந்த வீடு, என்று ஆரம்பித்ததும் போனை வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் சமநிலையில் இல்லை. பரிசோதனைகள் செய்தேன். ஒருநாள் எங்கள் ஆபீஸ் கட்டடத்தையே, குறிப்பாக மேனேஜர் உட்காருகிற மூலையை, மிகுந்த ஈடுபாட்டோடு படம் எடுத்தேன். கட்டடம் அசையவில்லை. மேனேஜருக்குப் பதவி உயர்வு வந்தது. ரிங் ரோட்டில் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஒரு கட்டடத்தைப் பல கோணங்களில் எடுத்துப் பார்த்தேன். அதன்மேல் இன்னும் மாடி ஏற்றினார்கள். இதிலிருந்து புத்தியுள்ளவன் ஒரு முடிவுக்கு வந்திருப்பான். நான் வந்த முடிவு, என் கண் நல்லவற்றின் மேல்தான் படும் என்பது. கிறிஸ்துமஸ் குடும்பப் படத்துக்குக்கூட எல்லோரையும் எங்கள் வாசலிலிருந்து தள்ளிக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுச் சுவரின் முன்னால் நிறுத்தினேன். வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருக்கிறது என்றேன். அந்தச் சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் முன்பே எடுத்த விதான சௌதாவும் அப்படியே நின்றது. இதையெல்லாம் நான் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை.

இந்த லட்சணத்தில் இருக்கும்போதுதான் சித்தியிடமிருந்து போன் வந்தது.

சித்தி என்றால் என் மனைவியின் அம்மாவுக்குத் தங்கை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்து ஓய்வு பெற்றவர். யார் பேச்சை எந்த இடத்தில் துண்டிக்க வேண்டும் என்பது அவருக்குக் கைவந்த வேலை. சித்தப்பா இறந்த பிறகு காக்ஸ் டவுனில் புருஷன் வீட்டுச் சொத்தான பழைய பங்களாவில் தனியாக இருக்கிறார். தனியாக என்றால் ஒரு நாய், ஒரு ஸ்கூட்டி, பின்கட்டில் குடியிருக்கும் ஒரு நர்ஸ் குடும்பம், இவற்றோடு.

"மாப்ளே, ஊர்ல இருக்கற கட்டடத்துக்கெல்லாம் போட்டோ புடிக்கிறீங்க. நம்ம வீடு மட்டும் என்னா பாவம் பண்ணிச்சு?" என்றார்.

அந்த வீட்டை நான் வேண்டுமென்றே இத்தனை காலம் கேமராவின் கண்ணில் காட்டாமல் காப்பாற்றி வைத்திருந்தேன். பையை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் அங்கே சாப்பிடப் போவேன்.

சித்தி விஷயத்தைச் சொன்னார். வீட்டில் பாதி, கனடாவில் இருக்கும் அவருடைய கொழுந்தனாருக்கு. ஒரு பில்டரின் ஆள் எப்படியோ அவர் நம்பரைப் பிடித்துப் பேசிக்கொண்டிருக்கிறான். கொழுந்தனார் வீட்டைப் பார்த்து வெகுகாலம் ஆகிறது. இடிந்து கிடக்கிறதா, நிற்கிறதா என்றே அவருக்குத் தெரியவில்லை. ஒரு போட்டோ அனுப்புங்கள் அண்ணி, பார்த்துவிட்டு விற்கலாமா வேண்டாமா என்று கிறிஸ்துமஸுக்குள் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

"அவரு வித்துரலாம்னு சொல்லிட்டா நான் என்னா பண்றது? ஹாலை அவருக்குக் குடுத்துட்டு கிச்சன்ல படுத்துக்கவா?" என்று கேட்டார். கேட்டது வேடிக்கையாகத்தான். ஆனால் எப்போதும் மற்றவர் பேச்சைத் துண்டிக்கிறவர், அன்றைக்குத் தன் பேச்சைத் தானே பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பில்டரின் ஆள் தானே ஒரு போட்டோகிராபரை அனுப்புவதாகவும், டிரோன் பறக்கவிட்டு எடுத்துத் தருவதாகவும் சொல்லியிருந்தானாம். அதற்குள் நான் வர வேண்டும்.

நான் லென்ஸ் ரிப்பேரில் இருக்கிறது என்றேன். லென்ஸ் மடியில் இருந்தது. அடுத்த தடவை மேகமாக இருக்கிறது என்றேன். அதற்கு அடுத்த தடவை வெயில் அதிகம் என்றேன். "வெயிலு வேணுமா வேணாமான்னு முடிவு பண்ணிட்டு வாங்க மாப்ளே. வேணும்னா நான் டார்ச் அடிக்கறேன். சும்னே கதை உடாதீங்க," என்றார். எங்கள் ஊரில் மாப்பிள்ளையை வாங்க போங்க என்ற மரியாதை குறையாமல் கிழித்துத் தொங்கவிடுவார்கள். அதில் சித்தி விசேஷப் பயிற்சி பெற்றவர்.

வேறு வழியில்லாமல் ஒரு சனிக்கிழமை போனேன். பையில் புது எலுமிச்சம்பழம்.

கேட்டைத் திறந்து நிமிர்ந்தபோது எனக்கு உண்டான நிம்மதியைச் சொல்லி முடியாது. வீடு தெரியவில்லை. முன்னால் ஒரு பெரிய பட்டர் ஃப்ரூட் மரம், வீட்டின் மேல் முழுக்கக் கவிந்து நின்றது. இத்தனை வருடம் அதற்கு அடியில் நடந்து சாப்பிடப் போயிருக்கிறேன். கேமராவோடு போன அன்றுதான் அதை ஒரு தடையாகப் பார்த்தேன். இலைகளுக்கு நடுவே மங்கி டாப்பின் ஒரு கூம்பு, ஓட்டில் ஒரு துண்டு, அவ்வளவுதான். போதாததற்குப் போர்ட்டிகோவில் ஸ்கூட்டி, கொடியில் நர்ஸ் வீட்டு வெள்ளை யூனிஃபார்ம், படியில் நாய், கேட்டில் பால் பாக்கெட்டுக்காகத் தொங்கும் பை. என் சட்டகத்தில் எது இருக்கக் கூடாதோ அதெல்லாம் மாநாடு போட்டிருந்தன.

இதை வைத்தே தப்பிக்கலாம் என்று, நிபுணர் முகத்தோடு சொன்னேன். "சித்தி, இந்த மரத்தை நல்லா கழிச்சு விட்டாத்தான் வீடு தெரியும். இப்ப எடுத்தா ஒண்ணும் விழாது."

சித்தி மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அந்த பில்டர் ஆளும் நீங்க நிக்கிற அதே எடத்துல நின்னு இதையேதான் சொன்னான். மரத்தை எடுத்துட்டா முன்பக்கம் நல்லா தெரியும் மேடம்னு." பிறகு கொஞ்சம் குரலை மாற்றி, "எங்க கொழுந்தன் சின்னப்புள்ளைல இதுலேருந்து விழுந்துதான் கைய ஒடச்சிக்கிட்டாரு. இந்த மரம் கொம்பு சும்னே முறிஞ்சிரும். அப்பவே வெட்டணும்னாங்க. அவரே அழுது வேணாம்னுட்டாரு," என்றார்.

பேட்டரி தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டேன். பில்டரின் ஆளும் நானும் ஒரே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறோம் என்பது வழியெல்லாம் முள்ளாகக் குத்தியது.

மறுநாள் காலை தோசை ஊற்றிக்கொண்டே மனைவி, படம் எங்கே என்றாள். எடுக்கவில்லை என்றேன். அவள் அடுப்பை அணைத்தாள். தோசை பாதியில் இருக்கும்போது அடுப்பை அணைக்கிற பெண்மணி இல்லை அவள். அதனால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மல்லேஸ்வரம், தியேட்டர், ஹைதராபாத், கொல்கத்தா, எலுமிச்சம்பழம். சொல்லச் சொல்ல என் காதுக்கே அது ஒரு பைத்தியக்காரனின் வாக்குமூலம் மாதிரிதான் கேட்டது. சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "அந்தப் படங்களைக் காட்டுங்க," என்றாள்.

கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் திறந்தேன். நான் கொன்ற வீடுகள். பயத்தில் நானே அவற்றைத் திரும்பப் பார்த்ததில்லை. மல்லேஸ்வரத்துக் கூம்புகளின் நிழல் மஞ்சள் சுவரில் பல் வரிசை மாதிரி விழுந்திருந்தது. கொல்கத்தாத் தூண்களின் தலையில் யாரோ சிற்பி செதுக்கிய இலைகள், நிஜ இலை காற்றில் மடங்கிய மாதிரியே மடங்கியிருந்தன. என்ன வேலை அது. எனக்குக் கண் கலங்கியது. என் மனைவி கண்ணைச் சுருக்கிக்கொண்டு, விடைத்தாள் திருத்துகிற மாதிரி பார்த்தாள்.

"ஒரு வீட்லயும் வாசல்ல செருப்பு இல்லை," என்றாள்.

"அதுக்குத்தான் சுத்தமான வீடா பாத்து எடுக்கறது."

"கால்மிதி இல்லை. கொடியில துணி இல்லை. துணி கூட வேணாம், கொடியே இல்லை. ஜன்னல்ல கர்ட்டன் இல்லை. ஏங்க, குடியிருக்கற வீடு எதையாவது நீங்க எடுத்திருக்கீங்களா?"

நான் மல்லேஸ்வரத்துப் படத்தைப் பெரிதாக்கினேன். வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் மீட்டர் பெட்டி திறந்திருந்தது. உள்ளே மீட்டர் இல்லை; வெறும் பலகை, அறுத்துவிட்ட வயர். படத்தின் ஓரத்தில், நான் அழகாக வெட்டி ஒதுக்கியதாக நினைத்த இடத்தில், புதிதாக அறுத்த ஒரு மரத்தின் அடிக்கட்டை. இன்னும் மஞ்சளாக, ஈரமாக இருந்தது. ஹைதராபாத் வளைவில் கதவையே கழற்றியிருந்தார்கள். வளைவு முழுசாகத் தெரிகிறதே என்று அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன். தியேட்டரின் போஸ்டர் சட்டங்கள் காலி. கூட்டமே இல்லாத தியேட்டர் கிடைத்தது என் அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தேன்.

இந்த ஊரில் எந்தப் பழைய வீட்டின் முகமும் சாதாரணமாக வெளியே தெரியாது. முன்னால் மரம் இருக்கும், மரத்துக்குப் பின்னால் கொடி இருக்கும், கொடிக்குப் பின்னால் யாராவது இருப்பார்கள். முகம் முழுசாகத் தெரிகிறது என்றால் ஆட்கள் சாமான்களோடு போய்விட்டார்கள், மரத்தை வெட்டியாகிவிட்டது, நாளையோ மறுநாளோ இயந்திரம் வரும் என்று அர்த்தம். நான் தேடித் தேடிப் போய் நின்றதெல்லாம் அப்படிப்பட்ட வாசல்களில். என்னை எமன் என்று நினைத்துப் பெருமையாகப் பயந்துகொண்டிருந்தேன். நான் எமன் இல்லை. சாவு வீட்டுக்குப் படம் எடுக்க வந்த ஆள். ரிங் ரோட்டுக் கட்டடங்களுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது: அவற்றின் லிஃப்டில் காலையும் மாலையும் கூட்டம் தாங்கவில்லை. எனக்குத் தெரியாததா, நான்தானே சர்வீஸ் செய்கிறேன்.

"அப்ப என் கண்ணுல தோஷம் இல்ல, இல்லியா?" என்றேன்.

"தோஷம் இல்லை. பார்வைதான் கோளாறு," என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பற்ற வைக்கப் போனாள்.

அன்றைக்கே காக்ஸ் டவுனுக்குப் போனேன். எலுமிச்சம்பழத்தைச் சட்னி வைக்கிற இடத்தில் விட்டுவிட்டேன் என்று நினைக்கிறேன். சாயங்காலம் ஜூஸ் கிடைத்தது.

சித்தி பரபரப்பாக ஸ்கூட்டியைத் தள்ளப் போனார். வேண்டாம் என்றேன். நாயைக் கட்டட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். நர்ஸ் ஓடிவந்து யூனிஃபார்மை எடுக்கப் போனதையும் தடுத்தேன். சித்தி என்னை ஒரு மாதிரி பார்த்து, "பேட்டரி இருக்குதுல்ல?" என்று மட்டும் கேட்டார்.

எவ்வளவு தடவை போன வீடு. அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த மரம் வீட்டை மறைக்கவில்லை. வீட்டைக் கட்டியவர்களும் மரத்தை நட்டவர்களும் பேசி வைத்துக்கொண்டு செய்த மாதிரி இரண்டும் சேர்ந்துதான் வேலை பார்த்தன. வெயில் முதலில் இலையில் வடிகட்டப்படுகிறது. மிச்சம் மங்கி டாப்பின் தட்டிச் சந்துகளில் இன்னொரு தடவை வடிகட்டப்படுகிறது. அதற்கும் பிறகு உள்ளே சிவப்புத் தரையில் வந்து விழும்போது அதில் சூடு இல்லை, வெளிச்சம் மட்டும் இருக்கிறது; சின்னச் சின்னச் சதுரங்களாக, காற்றடித்தால் நகர்கிற சதுரங்களாக. அகமதாபாத்தில் அந்தப் பெரிய வட்டத்துக்காக ரயிலை விட்டவன் நான். அதே வித்தையை இந்த வீடு ஓர் ஓரமாக உட்கார்ந்து தினமும் செய்துகொண்டிருந்திருக்கிறது. நான் அதன் கீழே உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டிருக்கிறேன்.

கேட்டுக்கு வெளியே நின்று மரத்தோடு சேர்த்து எடுத்தேன். பால் பை, ஸ்கூட்டி, காற்றில் கை வீசுகிற யூனிஃபார்ம், படியில் கொட்டாவி விடுகிற நாய், எல்லாமே உள்ளே. போர்ட்டிகோவில் தொங்கவிட்டிருந்த கிறிஸ்துமஸ் ஸ்டார் ஒரு கொப்பில் மாட்டிக்கொண்டிருந்தது. பிறகு உள்ளே போய்த் தரையில் படுத்து அந்தச் சதுரங்களை எடுத்தேன். படுத்தவனைத் தாண்டிக்கொண்டு நாய் போயிற்று. அதுவும் படத்தில் விழுந்திருக்கிறது. கிளம்பும் முன் படங்களைச் சித்தியின் போனுக்கு மாற்றிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பார்த்ததும் மறுபடி பீதி. இது ஒரு கட்டடப் படமே இல்லை. ஓவியப் போட்டியில் குழந்தை வரைந்து, கட்டுக்கு அடங்காமல் எல்லாவற்றையும் திணித்த மாதிரி இருந்தது. பில்டரின் ஆள் டிரோனில் எடுத்து அனுப்பினால் பளிச்சென்று இருக்கும். இதைப் பார்த்தால் கொழுந்தனார் என்ன நினைப்பார்? ஓடு எத்தனை உடைந்திருக்கிறது என்றாவது தெரிய வேண்டாமா? சித்தியிடம் போனில், இன்னொரு தடவை எடுக்கட்டுமா என்று கேட்டேன். "நான் அப்பவே அனுப்பிட்டேன்," என்றார். துண்டித்துவிட்டார்.

பதில் வரவில்லை. நான் ஆபீஸுக்குப் போகிற வழியை மாற்றிக்கொண்டேன். காக்ஸ் டவுன் வழியாகச் சுற்றிக்கொண்டு போய், வீடு நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவேன். தோஷம் இல்லை என்று நிரூபணமான பிறகும்தான். ஒருநாள் நான் கேட்டில் எட்டிப் பார்ப்பதைப் பார்த்து நாய் குரைத்தது. சித்தி ஜன்னலைத் திறந்து, உள்ளே வந்து ஒரேயடியாகக் குடியிருந்துவிடுங்கள் மாப்ளே, வாடகை குறைச்சலாகத் தருகிறேன் என்றார். பில்டரின் ஆள் தெருவில் இரண்டு பேரோடு நின்று வீட்டுக் கூரையைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்ததையும் ஒரு காலையில் பார்த்தேன். அன்று முழுக்க லிஃப்டில் எந்த மாடியில் இறங்க வேண்டும் என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து சித்தி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கனடாவிலிருந்து போன் வந்தது. சித்தி ஸ்பீக்கரில் போட்டார். நான் சோற்றில் கை வைத்தபடி இருந்தேன்.

கொழுந்தனார் முதலில் எல்லோரையும் விசாரித்தார். பிறகு நாயின் பெயரைக் கேட்டார். பிறகு கொடியில் தொங்குவது யாருடைய யூனிஃபார்ம் என்று கேட்டார். நர்ஸ் குடும்பத்தைப் பற்றிச் சித்தி சொன்னார். வீட்டைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"அந்த மரம் இன்னும் இருக்குதா அண்ணி. நான் வெட்டியிருப்பாங்கன்னு நெனச்சேன்," என்றார். "நான் விழுந்தது எந்தக் கொம்புன்னுகூட தெரியுது எனக்கு."

சித்தி அவர் பேச்சைத் துண்டிக்கவில்லை.

"இப்போதைக்கு இருக்கட்டும் அண்ணி. அந்தாளுக்கு நான் சொல்லிக்கறேன். மரத்துல மட்டும் கை வச்சிராதீங்க."

இதுதான் நடந்தது. பில்டர் அடுத்த தெருவில் வேறொரு வீட்டை வாங்கினார். அதன் முகப்பு ஒருநாள் பளிச்சென்று தெரிந்தது, நான் நிற்காமல் போய்விட்டேன். சித்தியின் வீடு இருக்கிறது. சித்தி அதில் இருக்கிறார். அந்த வீட்டின் முகப்பு முழுவதும் தெரிகிற படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை.